கம்பியைத் தள்ளிப் பார்த்து, இழுத்துப் பார்த்து

யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாக் காலம். கோயிலிலிருந்து சற்றுத் தள்ளியிருந்த ஒரு வெறுங்காணியில் போடப்பட்டிருந்த களியாட்டத் திடலில், ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் ஆடும் கொலம்பஸ் கப்பலின் ஏறுபடி அருகே அளவுகோலுடன் நின்றுகொண்டிருந்தேன். கையில் கச்சான் பொதியுடன் வந்த சிறுவன் ஒருவன் கோட்டுக்கு நான்கு விரற்கடை கீழே நின்றான். அவனுடைய தந்தை, "அண்ணை, இவன் கம்பியை நல்லா இறுக்கிப் பிடிச்சுக்கொண்டிருப்பான். நானும் பக்கத்தில இருந்து கட்டிப்பிடிக்கிறன். ஒருக்கா ஏத்திவிடுங்கோ" என்றார். "தம்பி, நீங்கள் பக்கத்தில இருக்கிறதுதான் பிரச்சினையே" என்றேன். நான் பகிடி விடுகிறேன் என்றே அவர் நினைத்திருப்பார். பின்னால் வரிசை நீண்டிருந்ததால் விளக்கம் சொல்ல நேரம் வாய்க்கவில்லை.

2012 முதல் 2019 வரை வளைகுடா நாடொன்றிலுள்ள பெரிய பொழுதுபோக்குப் பூங்காவில் ரோலர் கோஸ்ரர் ஒப்பரேற்றராக வேலை செய்தேன். கடைசி இரண்டு வருடங்கள் ஒரு குழுவுக்குப் பொறுப்பாகவும் இருந்தேன். ஊருக்குத் திரும்பிய பின் கோண்டாவிலில் தண்ணீர்ப் பம்பி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். திருவிழாவுக்குக் களியாட்டம் போடும் குழுவில் இருந்த பழைய நண்பர் ஒருவர், "உனக்குத் தெரிஞ்ச வேலைதானே, இருபத்தைஞ்சு நாளும் வந்து நில்" என்று கேட்டதால்தான் மீண்டும் ஏறுபடிக்கு வந்தேன்.

வளைகுடாவில் முதற் கிழமை எங்களை எந்தப் பொத்தானையும் தொட விடவில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண் ஒருவர்தான் பயிற்சி அளித்தார். ஓடாத வண்டியில் 24 ஆசனங்களிலும் புதிதாய் வந்த எங்களையே இருத்தி, எங்களில் ஒருவரைச் சோதிக்கச் சொல்வார். மடிக்கு மேல் இறங்கும் காப்புக் கம்பியை ஒருமுறை கீழே தள்ளிப் பார்க்க வேண்டும், ஒருமுறை மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். இந்த இரண்டு அசைவுகளைத்தான் நாள் முழுவதும் செய்தோம். மூன்றாம் நாள் என் முறை வந்தபோது, கட்டுப்பாட்டு மேசையில் எல்லா விளக்குகளும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. நான் ஒவ்வொரு கம்பியையும் மேலே இழுத்துப் பார்த்தேன், எதுவும் அசையவில்லை. கட்டைவிரலை உயர்த்தினேன். அவர் என்னை ஏழாம் வரிசைக்கு அழைத்துச் சென்று, அங்கே இருந்தவரின் தொடைக்கும் கம்பிக்கும் இடையில் தன் முழு உள்ளங்கையையும் நிமிர்த்தி நுழைத்துக் காட்டினார். கம்பி பூட்டியிருந்தது உண்மைதான். ஆனால் அது அந்த மனிதரைப் பிடித்திருக்கவில்லை. பயிற்சி தந்த பெண் சொல்லிக் கொடுத்தபடியே அந்த ஆசனத்தில் இருந்த பையன் வயிற்றை எக்கித் தொடையைச் சற்று உயர்த்தி வைத்திருந்திருக்கிறான். நான் இழுத்துப் பார்த்தேனே தவிரத் தள்ளிப் பார்க்கவில்லை.

பச்சை விளக்கு எதைச் சொல்கிறது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. கம்பி ஆகக் குறைந்த ஓர் அளவுக்காவது இறங்கிவிட்டது, பூட்டு விழுந்துவிட்டது, அவ்வளவுதான் சென்சருக்குத் தெரியும். ஆசனத்தில் இருப்பவர் மெலிந்தவரா பருத்தவரா, கம்பி தொடையில் இருக்கிறதா வயிற்றில் இருக்கிறதா, அடியில் ஒரு கைப்பை செருகப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதற்காகத்தான் கை.

பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை நம் ஊர்ச் சைக்கிளை வைத்தே சொல்லிவிடலாம். மிதியாமல் சைக்கிளை உருட்டும்போது பின்சில்லில் 'கட கட' என்று கேட்பது ஃபிரீவீலின் பற்களில் ஒரு சிறு நாக்கு ஏறி இறங்கும் சத்தம். ஒரு பக்கம் சுற்ற விடும், மறுபக்கம் விடாது. பழைய வகை மடிக்கம்பிகளும் தோளுக்கு மேலால் வரும் காப்புகளும் இதே முறையில்தான் ஒவ்வொரு பல்லாக இறங்கிப் பூட்டிக்கொள்கின்றன. சங்கிலியால் இழுக்கப்பட்டு ஏற்றத்தில் போகும் கோஸ்ரர் வண்டியிலிருந்து வரும் 'டக் டக்' சத்தமும் அத்தகையதே. சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாதபடி அடியில் ஒரு நாக்கு பற்களில் விழுந்துகொண்டே போகிறது. பயமூட்டும் அந்தச் சத்தம்தான் உண்மையில் ஆறுதல் தர வேண்டிய சத்தம். புதிய வண்டிகளில் பல்லுக்குப் பதிலாக எண்ணெய் நிரம்பிய உருளைகள் இருக்கின்றன. கம்பி இறங்கும்போது எண்ணெய் ஒரு வால்வு வழியே போகும். அந்த வால்வு மூடிக்கொண்டால் திரும்பி வராது, ஆகவே கம்பியும் மேலே வராது. பல் வகையில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையில் சிறு இடைவெளி மிஞ்சும். எண்ணெய் வகையில் எந்த இடத்திலும் நிற்கும் என்பதால் உடம்போடு நன்றாகப் பொருந்தும். கடுமையான ஓட்டமுள்ள வண்டிகளில் ஒரே கம்பிக்கு இரண்டு பூட்டுகள் இருக்கும். ஒன்று கைவிட்டாலும் மற்றது தாங்கும்.

அந்தத் தந்தைக்குச் சொல்லாமல் விட்ட விளக்கத்துக்கு வருகிறேன். கொலம்பஸ் கப்பலில் ஒரு வரிசைக்கு ஒரே கம்பிதான். அது மூன்று நான்கு பேரின் மடிக்கு மேல் ஒன்றாக இறங்கும். இறங்கி, அந்த வரிசையில் யாருடைய தொடை அல்லது வயிறு ஆக உயரமோ அங்கே நின்றுவிடும். எண்பது கிலோ எடையுள்ள அப்பாவுக்கு அருகில் இருபது கிலோப் பிள்ளை இருந்தால், கம்பி அப்பாவின் தொடையில் நிற்கும். பிள்ளையின் மடிக்கு மேல் ஒரு தலையணை அளவு வெளி இருக்கும். பிள்ளை தனியே அமர்ந்தால் இன்னும் கொஞ்சம் நெருங்கியிருக்கும் கம்பியை, பாதுகாப்புக்காகப் பக்கத்தில் அமர்ந்த அப்பாவே விலக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கட்டிப்பிடிப்பதாலும் பயனில்லை. கப்பல் உச்சிக்குப் போய்த் திரும்பும் கணத்தில் பிள்ளையின் உடல் பாரமற்றதுபோல் எழும். அடுத்த கணம் பாரம் கூடிக் கீழே அழுத்தும். அந்த மாற்றம் வரும் வேகத்தில் எந்தத் தகப்பனின் கையும் இறுகிக்கொள்ளாது.

உயர அளவுகோலை வெறும் வயதுக் கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது உடம்பின் அமைப்பைப் பற்றிய கணக்கு. கம்பி இடுப்புக்கு அருகே தொடையில் அமர வேண்டும். முதுகு ஆசனத்தில் முட்ட வேண்டும். முழங்கால் ஆசன விளிம்பைத் தாண்டி மடிய வேண்டும். குள்ளமான பிள்ளைக்கு முழங்கால் மடியாது, ஆகவே அது முன்னால் சறுக்கி அமரும், கம்பி வயிற்றுக்கு வரும், அதன் கீழால் வழுகிப் போக இடம் உண்டாகும். செருப்போடு அளப்பதா, செருப்பைக் கழற்றி அளப்பதா என்று எங்கள் திடலில் முதல் நாளே சண்டை வந்தது. கழற்றித்தான் அளக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன், ஏனென்றால் குதிகால் உயர்ந்த செருப்பு தொடையை நீளமாக்குவதில்லை.

பயணிகள் பயப்படும் இடமும் கம்பி உண்மையில் உழைக்கும் இடமும் வேறு என்பதையும் சொல்ல வேண்டும். கோஸ்ரர் தலைகீழாகச் சுழலும் வட்டத்தில் வேகம் போதுமானதாக இருந்தால் உடம்பு ஆசனத்தோடு அழுத்தப்பட்டிருக்கும். கம்பிக்கு வேலை வருவது, வட்டம் முடிந்து எல்லோரும் சிரிக்கத் தொடங்கிய பின் வரும் சிறிய மேடுகளில்தான். மேட்டின் உச்சியில் வண்டி கீழ்நோக்கி வளைகிறது, உடம்போ நேரே போகப் பார்க்கிறது. கையை உயர்த்திக் கூவுவதும் ஆசனத்திலிருந்து அரை அங்குலம் எழும்புவதும் அங்கேதான். கொலம்பஸ் கப்பலில் இதே எழும்பல் இரண்டு முனைகளிலும் ஆகக் கூடுதலாகவும் நடுவில் ஆகக் குறைவாகவும் இருக்கும். கோட்டைச் சற்றே தாண்டிய பிள்ளைகளை நடு வரிசையில் இருத்துங்கள் என்று நான் எல்லாப் பெற்றோருக்கும் சொல்வதன் காரணம் அதுதான். பெடியளோ முனை வரிசைக்குத்தான் அடிபடுவார்கள்.

ஒருவரை ஏற்ற மறுப்பதுதான் இந்தத் தொழிலில் ஆகக் கடினமான பகுதி. பிள்ளையை மறுப்பது எளிது, அளவுகோல் நமக்காகப் பேசும். பெரிய உடம்புள்ளவரை மறுப்பது அப்படியல்ல. நண்பர்கள் ஏழெட்டுப் பேருடன் வந்த ஒருவரின் ஆசனப்பட்டி ஒருமுறை ஒரு விரலளவு எட்டவில்லை. கம்பி பூட்டிவிட்டது, விளக்கும் பச்சை. பட்டி மட்டுந்தான் எட்டவில்லை. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு, "இழு, இன்னும் இழு" என்றார். நண்பர்கள் கைதட்டினார்கள். முழங்காலால் அழுத்தினால் பூட்டியிருக்கலாம், எனக்கு அது தெரியும். அழுத்தவில்லை. அவர் இறங்கி என்னை ஏசினார், முறைப்பாடும் எழுதினார். பொறுப்பாளர் அந்தத் தாளை வாசித்துவிட்டு என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "வாசலில் இருக்கும் மாதிரி ஆசனத்தில் அவரை ஏன் முன்பே இருந்து பார்க்கச் சொல்லவில்லை?" என்பதுதான். நான் தலைகுனிந்தது அதற்காகத்தான். மறுப்பது தவறல்ல, இருபத்துமூன்று பேரின் முன்னால் வைத்து மறுக்கும்படி விட்டதுதான் தவறு. அதன் பிறகு வாசலில் நிற்பவர், ஐயப்பாடு உள்ள எவரையும் பக்கத்துக்கு அழைத்து, தாழ்ந்த குரலில், "இதில ஒருக்கா இருந்து பாருங்கோ, வசதியா இருக்கோ எண்டு" என்று கேட்கும் வழக்கத்தை எங்கள் குழுவில் கொண்டுவந்தோம். தமிழருக்குத் தமிழில், மற்றவர்களுக்கு அவரவர் மொழியில்.

2022 மார்ச் மாதம் அமெரிக்காவின் ஒர்லாண்டோவில், உயரத்திலிருந்து செங்குத்தாக விழும் ஒரு சவாரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் ஆசனத்திலிருந்து நழுவி விழுந்து இறந்தான். அப்போது நான் இங்கே பம்பி திருத்திக்கொண்டிருந்தேன். செய்தியை வாசித்தபோது என் கை நின்றுவிட்டது. அவன் மிகப் பெரிய உடம்புள்ளவன். கையேடு அனுமதித்த எடைக்கு மேற்பட்டவன். விசாரணையில் தெரியவந்தது என்னவென்றால், அவன் இருந்த ஆசனத்தின் சென்சர் கையால் மாற்றப்பட்டிருந்ததால், தோள்காப்புக்கும் ஆசனத்துக்கும் இடையில் வழக்கமான இடைவெளியைவிட ஏறத்தாழ இரு மடங்கு வெளி இருந்தபோதும் விளக்கு எரிந்தது. தோள்காப்பு கடைசிவரை திறக்கவேயில்லை. அந்தச் சவாரியில் இரண்டாவது காவலாக ஆசனப்பட்டி இருக்கவில்லை. பெரிய உடம்புள்ளவரை மறுக்கக் கூசி, இயந்திரத்தை அவருக்கு ஏற்பத் திருப்பி வைத்தால் என்னாகும் என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் சொல்ல முடியாது.

அவசரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கணக்கோடு பார்க்கலாம். 24 பேர் ஏறும் வண்டியை 90 செக்கனுக்கு ஒருமுறை அனுப்பினால் மணித்தியாலத்துக்கு 960 பேர் போவார்கள். ஒவ்வொரு முறையும் சோதனைக்கு 15 செக்கன் கூடுதலாக எடுத்தால் அது ஏறத்தாழ 820 ஆகக் குறையும். அலுவலகத்தில் இருப்பவர் காண்பது குறைந்த 140 பேரைத்தான். அந்த 15 செக்கனில் என்ன கண்டுபிடிக்கப்பட்டது என்பது எந்தத் தாளிலும் வராது. எங்கள் பூங்காவில் இதற்கு ஒரு தடை இருந்தது. மேடையின் இரு பக்கமும் நிற்கும் இருவரும் தத்தம் பொத்தானை ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால்தான் வண்டி நகரும். ஒருவர் கையை எடுத்துவிட்டால் மற்றவர் தனியே எதுவும் செய்ய முடியாது. புதியவரான பணியாளருக்கும் வண்டியை நிறுத்தி வைக்கும் அதிகாரத்தை அந்த இரண்டாவது பொத்தான் கொடுத்தது.

வண்டிகள் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பதற்கான முறை, ஒற்றைத் தண்டவாளப் பாதையில் புகையிரதச் சாரதி ரப்லெற் எனப்படும் அனுமதி வில்லை கையில் இல்லாமல் அடுத்த நிலையத்துக்குப் போக முடியாது என்பதைப் போன்றது. கோஸ்ரர் பாதை பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டில் ஒரு வண்டி இருக்கும்வரை இன்னொன்றை உள்ளே விடாமல் கணினி தடுத்து நிறுத்தும். 2015 ஜூன் 2 அன்று இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் கணினி அப்படித்தான் நிறுத்தியது. முன்னால் ஒரு வெறும் வண்டி சிக்கி நிற்பதை அறியாத தொழில்நுட்பவியலாளர்கள், கணினிதான் பிழை விடுகிறது என்று எண்ணித் தடையை நீக்கினார்கள். 16 பேருடன் சென்ற வண்டி வெறும் வண்டியில் மோதியது; இரண்டு இளம் பெண்கள் ஒவ்வொரு காலை இழந்தார்கள். மறு ஆண்டு அந்த நிறுவனத்துக்கு 50 இலட்சம் பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. இயந்திரம் 'இல்லை' என்று சொல்லும்போது, அது ஏன் சொல்கிறது என்று கண்ணால் போய்ப் பார்க்காமல் அதை மீறக்கூடாது என்பதை இந்தச் சம்பவத்தை வைத்துத்தான் எங்களுக்குக் கற்பித்தார்கள். பாதையில் எத்தனை வண்டிகள் என்று வாயால் எண்ணிச் சொல்லி, எழுதி, கையொப்பமிட்ட பிறகே தடையைத் தொடலாம்.

அவசர நிறுத்தப் பொத்தானை நான் ஒரே ஒரு தடவைதான் அழுத்தியிருக்கிறேன். வேலியருகே யாரோ நடப்பதுபோல் தெரிந்தது. பார்த்தால் காற்றில் பறந்துவந்த ஒரு தொப்பி. வண்டி ஏற்றத்தின் நடுவே நின்றது, 24 பேரையும் ஒவ்வொரு கம்பியாகக் கையால் திறந்து, படிவழியே நடத்தி இறக்க ஒரு மணித்தியாலம் பிடித்தது. ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன். பொறுப்பாளரோ தேநீர் வாங்கித் தந்துவிட்டு, அழுத்தியதற்காக இங்கே எவரையும் கேள்வி கேட்பதில்லை என்றார். மின்சாரம் போனால் கம்பி திறந்துவிடாதா என்று பலர் கேட்பார்கள். திறக்காது, பூட்டிக் கிடப்பதுதான் அதன் இயல்பு நிலை, திறப்பதற்குத்தான் மின்சாரமோ கையோ வேண்டும். வண்டியை நிறுத்தும் காற்றழுத்தத் தடுப்புகளும் அவ்வாறே, காற்று போனால் விசைச்சுருள் அவற்றை மூடிவிடும்.

நம் ஊர்த் திடலில் கணினியும் இல்லை, இரண்டு பொத்தானும் இல்லை. ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது வாயால் கத்துவது எவருக்கும் கேட்காது. ஆகவே முதல் வேலையாகக் கைச் சைகைகளை முடிவு செய்தோம். இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காக உயர்த்தினால், உயர்த்தியவர் ரிக்கெற் கிழிக்கும் சின்னப் பெடியனாக இருந்தாலும், கப்பலை நிறுத்த வேண்டும். திருவிழாவுக்குச் சேலையும் வேட்டியுமாக வருபவர்கள் சேலைத் தலைப்பையும் சால்வையையும் மடிக்குள் செருகிக்கொண்ட பின்பே கம்பியை இறக்கினோம். கைத்தொலைபேசிகளைப் பனையோலைப் பெட்டி ஒன்றில் போடச் சொன்னோம். உயரத்திலிருந்து விழும் தொலைபேசி கீழே நிற்பவருக்குக் கல்தான். ராட்டினத்தில் ஒரே பக்கமாக ஆட்களை நிரப்பாமல் எதிரெதிர்க் கூடுகளில் மாறி மாறி ஏற்றினோம், பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் மின்பிறப்பாக்கி நின்ற கணத்தில் சில்லு தானாக உருளும்.

ஆவணியிலும் சோளகக் காற்று ஓயவில்லை. பின்னேரங்களில் காற்று எழும்பினால் ராட்டினத்தை நிறுத்திவிடுவோம். காலையில் நான் செய்தது இரண்டு வேலைகள். கால்களின் கீழ் வைத்த மரக்கட்டைகள் மண்ணில் இறங்கியிருக்கின்றனவா என்று மட்டம் வைத்துப் பார்ப்பேன். பிறகு நட்டுகளைப் பார்ப்பேன். முதல் நாளே ஒவ்வொரு நட்டையும் இறுக்கி, நட்டின் மேலிருந்து இரும்புச் சட்டம்வரை வெள்ளைப் பெயின்றால் ஒரு கோடு இழுத்திருந்தேன். நட்டு ஒரு மயிரிழை திரும்பினாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். ஒரு சிறு போத்தல் பெயின்றும் ஒரு தூரிகையும் போதும். வளைகுடாவிலிருந்து நான் கொண்டுவந்தவற்றில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை.

20 ஆம் நாள் காலை கொலம்பஸின் மூன்றாம் வரிசைக் கம்பியை இழுத்துப் பார்த்தபோது அது வழக்கத்தைவிட ஆடியது. குனிந்து பார்த்தால், பூட்டு ஆணி கழன்று விழாமல் தடுக்கும் கொக்கி இல்லை. அந்த இடத்தில் கட்டுக்கம்பி சுற்றி முறுக்கப்பட்டிருந்தது. இரவு கொக்கி விழுந்திருக்கிறது, யாரோ ஒரு பணியாளர் நல்ல எண்ணத்தோடுதான் கட்டியிருக்கிறார். எவரும் ஒப்புக்கொள்ளவில்லை, நானும் துருவவில்லை. துருவினால் அடுத்த முறை கொக்கி விழுந்ததையே சொல்லமாட்டார்கள். உரிமையாளர், தேருக்கு முந்திய நாள்களில் ஒரு வரிசை மூடினால் எவ்வளவு நட்டம் என்று விரல் மடித்துக் கணக்குக் காட்டினார். அந்தக் கணக்கு பிழையல்ல. நான் கட்டுக்கம்பியை அவிழ்த்து அவர் கையில் கொடுத்து, இதை விரலால் நிமிர்த்திப் பாருங்கள் என்றேன். நிமிர்த்தினார். பேசாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கொக்கியை நகரிலுள்ள மூன்று இரும்புக் கடைகளில் தேடினோம். அளவு சரியாக இருந்தது ஒன்றுமில்லை. கொழும்பிலிருந்து பேருந்தில் போட்டுவிடச் சொன்னோம். மூன்றாம் வரிசையில் குறுக்காக நைலோன் கயிறு கட்டி, ஏறுபடியில் வைத்திருந்த கொப்பியில், "3 ஆம் வரிசை மூடியுள்ளது, கொக்கி வரவேண்டும்" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். உரிமையாளரும் அதன் கீழ் கையொப்பமிட்டார். சப்பறத்தன்றும் தேரன்றும் அந்த வரிசை வெறுமையாகவே ஆடியது. தீர்த்தத்தன்று மத்தியானம் கொக்கி வந்து சேர்ந்தது.